தாடைக் கம்பி

பிப்ரவரி 16, ஞாயிறு

மித்ராவின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் டைரியை ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும். மில் வாசலில் ஆயுள் முழுக்க மைக் பிடித்தவனுக்கு அந்தச் சோம்பல் ஆகாது.

நேற்றுச் சாயங்காலம் தோழி ரோசலினோடு அவிநாசி ரோட்டு மண்டபம் ஒன்றில் ஒரு கச்சேரிக்குப் போனாள். ‘மெட்டல்’ என்கிறார்கள். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான், கேட்கிறவர்களும் கத்துவார்கள். மேடைக்கு முன்னால் ‘பிட்’ என்று ஒரு வட்டம் விட்டு, அதற்குள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆடுவார்களாம். என் மகள் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறாள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். அவள் அந்த வட்டத்துக்குள் இருந்திருக்கிறாள். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும்கூட.

நேற்று எவனோ ஒருவன் பின்னாலிருந்து கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்திருக்கிறான். இவள் திரும்பி அவன் நெஞ்சில் கை கொடுத்துத் தள்ளியிருக்கிறாள். அவன் கூட்டத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து முகத்தில் குத்திவிட்டான். ஆட்டத்தில் பட்ட இடி இல்லை, மடக்கிய முஷ்டி என்கிறாள் ரோசலின். அங்கிருந்த பையன்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டூட்டி டாக்டர், “எப்படி அடிபட்டுச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரோசலின் மருந்து வாங்கப் போயிருந்தாள். மித்ராவுக்கு நினைவில்லை. ஆகையால் நான் பதில் சொன்னேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன்.

அந்த நேரத்துக்கு அதுதான் சரி. கல்யாணம் ஆக வேண்டிய பெண். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா?

வீட்டுக்கு வந்து மனைவி ருக்மணியிடம் சொன்னேன். “நம்மூட்டு பாத்ரூம்லயா? நான் ஊட்டுலதானுங்க இருந்தேன்?” என்றாள்.

“இருந்தீல்ல? அப்ப நீயும் பாத்த. அவ்வளவுதான்,” என்றேன். அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று ஆபரேஷன் முடிந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசி வரை வாய் திறக்க முடியாது. பேச முடியாது. ஸ்ட்ராவில் உறிஞ்சும்படி எது கொடுத்தாலும் சரி.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒரு கம்பி வெட்டுகிற கட்டர் எப்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும். வாந்தி வந்தால் யோசிக்காமல் கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிப் போகும். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் உடனே இறங்கிப் போய் ஒரு கட்டர் வாங்கி வந்தேன்.

நாச்சிமுத்து போன் செய்தார். ஏப்ரலில் எங்கள் தொழிற்சங்க மாநாட்டில் மாவட்டச் செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து நிற்கப் போகிறவர். மற்றபடி நல்ல மனிதர். “பொண்ணுக்கு என்னாச்சுங்க தோழர்?” என்றார். பாத்ரூம் என்றேன். “அடடா, பாத்து இருக்கச் சொல்லுங்க,” என்றார். அவர் கேட்ட தொனியில் வேறு எதுவும் இல்லை. கவனித்துப் பார்த்தேன், இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ருக்மணி கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி, நாட்டுக்கோழியை வேகவைத்து அரைத்து மறுபடி வடிகட்டி, காலை முதல் மிக்சி ஓயவில்லை. மித்ரா ஒரு டம்ளர் குடிக்க அரைமணி நேரம் ஆகிறது. கழுத்தெல்லாம் வழிகிறது. துடைக்கப் போனேன். துண்டை வாங்கி அவளே துடைத்துக்கொண்டாள்.

பிறகு போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

அவள் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி, சொந்தக்காரர்கள், நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளை வீடு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். உடுமலைப்பேட்டையில் ஒரு குடும்பம் விசாரித்திருக்கிறது என்றும் சொன்னேன். விசாரித்தார்கள்தான், போன வருஷம். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி தட்டினாள்.

“நான் தலையாட்டினேன். நீங்க பாத்தீங்க.”

பாவம், மயக்கத்தில் ஏதோ கனவு கண்டிருக்கிறாள். “அதெல்லாம் மருந்து மயக்கம் சாமி,” என்றேன். கடவுள் இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறவன் மகளைச் ‘சாமி’ என்கிறேனே என்று எப்போதும் கேலி செய்வாள். இன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொந்தபந்தம், ஒறம்பரை என்று வீட்டுக்கு ஆள் வந்து போன வண்ணம் இருக்கிறது. ஆளாளுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வருகிறார்கள், வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு. எல்லோரும் தவறாமல் பாத்ரூமை எட்டிப் பார்க்கிறார்கள். ருக்மணியின் அண்ணன் தரையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வழுக்கத்தான் செய்யுதுங்க மாப்ள. எனக்குத் தெரிஞ்ச கொத்தனாரு இருக்காரு, நாளைக்கே அனுப்பறேன். சொரசொரப்புக் கல்லு போட்டுருங்க,” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மகள் விழுந்து தாடை உடைந்த பாத்ரூமை அப்படியே விட்டு வைக்கிற தகப்பன் உண்டா?

பிப்ரவரி 25, செவ்வாய்

கொத்தனார் வந்துவிட்டார். உளியை வைத்துத் தட்டத் தட்ட வீடே அதிர்ந்தது. மித்ராவுக்குத் தாடையில் வலி தெறித்திருக்கும். எழுந்து வந்து பாத்ரூம் வாசலில் நின்றாள். கொத்தனார், “இங்கதான் உழுந்தீங்களா அம்மிணி?” என்று ஓர் இடத்தைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் கிடந்த சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வைத்தேன்.

நல்ல கல், ஒரு குற்றம் சொல்ல முடியாது. ருக்மணி மட்டும், “பாவம் அந்தப் பழைய கல்லு. அது ஆருக்கு என்ன பண்ணுச்சு?” என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். பெண் எஸ்.ஐ. ஒருத்தி. ரோசலின் புகார் கொடுத்திருக்கிறாளாம், கச்சேரியில் ஒருவன் மித்ராவைத் தொட்டான், அடித்தான் என்று. “ஆனா ஆஸ்பத்திரில பாத்ரூம்னு இருக்குது. நீங்கதான் சொல்லியிருக்கீங்க. எது சார் சரி?”

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். “அந்தப் பொண்ணு ஏதோ கொழப்பத்துல இருக்குதுங்க மேடம்,” என்றேன். குழப்பம் என்ற சொல் யாரையும் குற்றம் சாட்டாத சொல். பொய் என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ரோசலின் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அங்கிள், என்னப் பொய்க்காரியாக்கிட்டீங்க,” என்றாள். “அன்னிக்கு அவளைத் தூக்கிட்டு வந்தாங்களே, அவுங்க நாலு பேரும் சாட்சி சொல்ல ரெடியா இருந்தாங்க. இப்ப ‘அவ அப்பாவே இல்லைங்கறாரு, நாங்க எதுக்கு’ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“அங்க நீங்க ரெண்டு பேரும் எதுக்கும்மா போகணும்? அத்தன ஆம்பளைங்க முட்டிக்கற எடத்துல?”

கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே உறைத்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? பிட்டுல ஒருத்தர் உழுந்தா சுத்தி இருக்கறவங்க அப்பிடியே நிப்பாங்க. தூக்கி நிக்க வெச்சுட்டுத்தான் மறுபடி ஆடுவாங்க. செருப்புத் தொலஞ்சா கையில ஒசரத் தூக்கிப் புடிச்சுக் காட்டுவாங்க. அதுதான் அங்க சட்டம். அன்னிக்கு ஒரு நாய் அதுக்குள்ள வந்துருச்சு. நாயத் தொரத்தறத உட்டுட்டு, நீ எதுக்கு அங்க போனேங்கறீங்க. போன வருசம் மார்ச் எட்டுல நீங்க பேசுனதக் கேட்டு நாங்க ரெண்டு பேரும் விசில் அடிச்சோம் அங்கிள்.”

மித்ரா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரோசலின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மித்ராவால் வாய்விட்டு அழவும் முடியவில்லை, மூக்கு அடைத்தால் மூச்சு விட முடியாது. ருக்மணி பயந்துபோய்க் கட்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

சங்க ஆபீஸில் மாநாட்டு வேலை. எவனோ அந்தக் கச்சேரி வீடியோவைப் போட்டிருக்கிறான். அடிபட்டது அதில் இல்லை, அதற்கு முன்னால் பெண்கள் குதித்து ஆடுவது மட்டும். யார் முகமும் தெரியவில்லை. கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இதுகளையெல்லாம் பெத்தவன் எங்கே போனான்? இடிக்கிற இடத்துக்குப் போய்விட்டு இடித்தான் என்று அழுவதா? இன்னும் இங்கே எழுதத் தகாதவை.

நம் தோழர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது ஏகாதிபத்தியப் பண்பாடுங்க தோழர். நம்ம பிள்ளைகளப் போராட்டத்துக்கு வராம தடுக்கறதுக்குன்னே உள்ள உட்டிருக்காங்க,” என்றார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவர் சொன்னதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

வீடு வந்தபோது மித்ரா போனை நீட்டினாள். கச்சேரி நடத்துகிறவர்களின் அறிவிப்பு. சமீபத்திய ‘வதந்திகளை’ முன்னிட்டும், பெண்களின் பாதுகாப்புக் கருதியும், இனிமேல் பிட்டுக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்கு ஓரமாகக் கயிறு கட்டித் தனி இடம்.

அதன் கீழே அவள் தட்டியிருந்தாள்: “வதந்தி. அது நாந்தான்.”

மார்ச் 4, செவ்வாய்

ருக்மணி ஒரு நாளும் என்னிடம் சண்டை போட்டவள் இல்லை. இன்று பருப்பை வடிகட்டிக்கொண்டே தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

“எங்கூர்ல மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடுவாங்க. அதச் சுத்தி ஆம்பளைங்க ஆடுவாங்க பாருங்க, பொழுதுக்கும் ஆடுவாங்க. தப்பு அடிக்க அடிக்க எனக்குக் காலு நிக்காது. ஒரு வருசம் உள்ள போய்ட்டேன். ரெண்டே சுத்து. எங்கய்யன் சாட்டவாரு எடுத்துட்டு வந்துட்டாரு.”

“இதச் சொல்லவே இல்லியே நீ.”

“நீங்க கேக்குலீங்களே. மேடைல பேசறதுக்குத்தான் உங்களுக்குப் பொம்பளைங்க வேணும்.” வடிகட்டியைத் தட்டினாள். “எங்கய்யனாவது எதுக்கு அடிக்கறேன்னு ஊர் கேக்கச் சொல்லி அடிச்சாரு.”

எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பிறகு பசி தாங்காமல் நானே போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று மகளிர் தினக் கூட்டம். ‘பெண் ஏன் வீதிக்கு வர வேண்டும்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒண்டிப்புதூர் முக்கில் மேடை. நல்ல கூட்டம்.

பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும். மித்ரா வந்தாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ரோசலின் வண்டியில். முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பேச்சு தடுமாறவில்லை, பழக்கம் அப்படி. ‘இந்தத் தெரு உங்களுடையது’ என்ற இடத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அப்போது கீழேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு கை மாறிக் கை மாறி மேடைக்கு வந்தது. கூட்டமென்றால் சீட்டு வரும். மருந்துக் கடை சாவி கிடைத்தது, குழந்தை காணவில்லை என்று ஏதாவது இருக்கும். பிரித்தேன். அவள் கையெழுத்து.

“என் தாடை எப்பிடி உடஞ்சதுன்னு தோழர்களுக்குச் சொல்லுங்கப்பா.”

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எதிரில் எல்லோரும் சீட்டில் என்ன என்று காத்திருக்கிறார்கள். நாச்சிமுத்து பக்கத்து நாற்காலியில் கழுத்தை நீட்டுகிறார். மைக் இரைகிறது.

“ஒரு முக்கிய அறிவிப்பு,” என்றேன். “பேக்கரி முன்னாடி நிறுத்தியிருக்கிற சிவப்புக் கலர் ஸ்கூட்டர் வழியை மறிக்கிறது. உரியவர் உடனே எடுக்கவும்.”

கூட்டத்தில் நாலைந்து பேர் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். பாவம் ஒரு பெண்மணி தன் வண்டிதானோ என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மித்ரா எழுந்தாள். அந்தப் பெண்மணிக்குப் பின்னாலேயே அவளும் போய்விட்டாள்.

நான் இன்னும் இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

கஞ்சியை என் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்கிறாள். போனில் எனக்கு எதுவும் தட்டுவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இதை எழுதாமல் தூங்க முடியாது போலிருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய ரத்தம். நான் ‘பாத்ரூமில்’ என்று ஆரம்பித்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். டாக்டரைத் தொடுவதற்காகக் கையைத் தூக்கினாள். அந்தக் கையை நான் பிடித்தேன். டாக்டர், ஆறுதலுக்குப் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். கட்டிலோடு சேர்த்து அமுக்கினேன். அவள் விரல்கள் என் உள்ளங்கைக்குள் திமிறின. டாக்டர் எழுதி முடிக்கிற வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

உடுமலைப்பேட்டை மாப்பிள்ளையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டாக்டர் கேட்ட நிமிஷத்தில் என் கண்ணுக்குள் வந்தது மாநாட்டு மேடையும் நாச்சிமுத்துவின் முகமும்தான். தூ. என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று எஸ்.ஐ. மறுபடி கூப்பிட்டாள். “கம்பி எடுத்ததும் பாப்பாகிட்டயே நேர்ல கேக்கணும். மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க சார், இல்லேன்னா குளோஸ் பண்ணிருவேன்,” என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அந்த இடத்தை என் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று போனேன். அதே மண்டபம், வேறு ஒரு கச்சேரி. வேட்டியில் நான் ஒருத்தன்தான். வாசலில் இருந்த பையன், “பெரியவரே, இது கல்யாணம் இல்லீங்க,” என்றான். தெரியும் என்றேன்.

உள்ளே அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. இடது பக்கம் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். ரோசலின் இருந்தாள். ஒருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தாள். காவலுக்கு நின்றவன், “மேடம், கயிறு அறுந்துரும்,” என்று அதட்டினான். எங்கள் கூட்டங்களில் பெண் தோழர்களுக்கு இடது பக்கம் தனியாக நாற்காலி போடுவோம். நான்தான் போடச் சொல்வேன், அவர்களுடைய வசதிக்காக.

நடுவில் பையன்கள் சுற்றிச் சுற்றி ஓடி முட்டினார்கள். ஒல்லிப் பையன் ஒருத்தன் கால் இடறிக் குப்புற விழுந்தான். மிதித்துவிடுவார்கள் என்று நான் கத்தியே விட்டேன். சுற்றி இருந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி, அவன் தலையாட்டிய பிறகுதான் விட்டார்கள். யாரும் அவனை, நீ எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

தீர்மானித்துவிட்டேன். சனிக்கிழமை கம்பி எடுக்கிறார்கள். அவள் வாய் திறக்கட்டும். திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போய், சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பதவி போனால் மயிரே போச்சு.

மார்ச் 29, சனி

கம்பி எடுத்தாயிற்று. டாக்டர், “பேசிப் பாரும்மா,” என்றார். “தேங்க்ஸ் டாக்டர்,” என்றாள். குரல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டதுபோல் இருந்தது. தாடை சற்றே வலப்பக்கம் கோணியிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில், ரோசலினோடு ஓரிடம் போய்விட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். ருக்மணி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தாள். பொழுது சாயத்தான் வந்தாள். ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டாள். என்னிடம் இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, திங்கட்கிழமைக்குப் பிறகு பேசுவாள்.

மார்ச் 31, திங்கள்

காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி காட்டினாள்.

“எதுக்கு சார் நீங்க அலையறீங்க? அதுதான் பாப்பாவே சனிக்கெழம வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சே.”

“என்னன்னு?”

“பாத்ரூம்ல வழுக்கி உழுந்ததுதான்னு. நான் தெளிவாச் சொன்னேன் சார். நீ அடிச்சாங்கன்னு சொன்னா அப்பா ஆஸ்பத்திரிலயும் எங்ககிட்டயும் பொய் சொல்லியிருக்காருன்னு ஆகும், அவர் மேலயும் நடவடிக்கை வரும்னு. கொஞ்ச நேரம் உக்காந்து யோசிச்சுது. கூட வந்த பொண்ணு கோவிச்சுட்டு வெளிய போயிருச்சு. அப்பறம் பேனா கேட்டு வாங்கி எழுதுச்சு. ஃபைல மூடியாச்சு.”

வண்டி எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. மித்ரா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

“ஏஞ்சாமி அப்பிடி எழுதிக் குடுத்த? நான் சொல்லீர்றேன். இப்பவே வா, ரெண்டு பேரும் போலாம். என்னய ஜெயில்ல போட்டாலும் போடட்டும்.”

ஆறு வாரத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேசினாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“மொதல்ல சொல்லியிருக்கலாமுங்கப்பா. மேடைல சீட்டு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம். இப்ப என் கையால எழுதிக் குடுத்தாச்சு. இனி நீங்க உண்மையச் சொன்னா, நாந்தான் பொய்க்காரி ஆவேன்.”

“உன்னய யாரு எழுதச் சொன்னா?”

“வேற என்னுங்க பண்றது? உங்களப் புடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?” பையைத் தோளில் மாட்டினாள். “வாயத் தொறந்ததும் மொத வேலையா எங்கப்பன் பொய்யன்னு சொல்றதுக்கு எனக்கு வருலீங்க. அவ்வளவுதான்.”

“ரோசலினு?”

“அவ இனி என்கூடப் பேச மாட்டா.”

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ருக்மணி சமையல்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வரவே இல்லை.

ஏப்ரல் 5, சனி

போட்டியிலிருந்து விலகிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “ஏன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவீங்க?” என்றாள் மித்ரா. எழுதி வைத்திருந்த விலகல் கடிதத்தை மடித்து இந்த டைரிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாநாடு. கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெரிய வித்தியாசத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பறை அடித்தார்கள், சிவப்புத் துண்டு மேல் துண்டாகப் போட்டார்கள். கழுத்து வலித்தது. ருக்மணி வரவில்லை. மித்ரா வந்தாள். தோழர்கள் கேட்பார்கள் என்று அவளே கிளம்பி வந்தாள். என் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

நாச்சிமுத்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “அம்மிணி, தாடை தேவலையா? அது எப்பிடித்தான் உழுந்த நீயி?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மித்ரா என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டனுங்க மாமா,” என்றாள்.

சிரித்துக்கொண்டு சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.